நாலு வயசுக்கு முதல் வாசிக்கக் கேக்கிற பிள்ளை: பழக்கலாமோ, விடலாமோ?

27 ஜனவரி 2024
(வவுனியாவில இருந்து ஒரு அம்மா கேட்டது)
மகனுக்கு மூண்டு வயசும் பத்து மாசமும். தைப்பூசத்துக்கு ஏடு தொடக்கினனாங்கள். அண்டையில இருந்து கண்ட இடமெல்லாம் "இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து" எண்டு பிராணனை வாங்கிறான். நேசறி ரீச்சர், வீட்டில ஒண்டும் பழக்காதேங்கோ, குழம்பிப் போவான் எண்டுறா. மாமி, இப்பவே 247 எழுத்தையும் பாடமாக்கினாத்தான் அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினைக்குச் சரி எண்டுறா. ஆர் சொல்லுறதைக் கேக்கிறது?

27 ஜனவரி 2024, இரவு
முதல் வேலையா அந்தப் புலமைப்பரிசிலைத் தூக்கி அலுமாரிக்கு மேல வையுங்கோ தங்கச்சி. அதுக்கு இன்னும் ஆறு வருசம் கிடக்கு. மாமியோட சண்டை பிடிக்கச் சொல்லேல்லை. "ஓம் மாமி" எண்டுபோட்டு குசினிக்குள்ள போங்கோ.

எனக்கு விசுவமடுப் பக்கம் சின்னச் சைக்கிள் கடை. ஒட்டுப் போடுறது, ரயர் மாத்திறது, ரிம் நெளிவு எடுக்கிறது. நான் வாத்தியில்லை. மகளுக்கு நாலு வயசும் ரெண்டு மாசமும். போன விஜயதசமிக்கு ஏடு தொடக்கினது. ஐயர் விரலைப் பிடிச்சுத் தட்டத்து அரிசியில 'அ' எழுதுவிச்சார். மற்றப் பிள்ளையள் குளறுதுகள், இவள் குளறேல்லை. எழுதி முடிய அரிசியைக் கையால அழிச்சுப்போட்டு, "இப்ப நான் எழுதுறன், நீங்கள் வாசியுங்கோ" எண்டு ஐயருக்கே சொன்னாள். என்னவோ கீறினாள். ஐயரும் நல்ல மனுசன், குனிஞ்சு பாத்து "சிவசிவ" எண்டு வாசிச்சார். அண்டைக்கு ஏறின பேய் இன்னும் இறங்கேல்லை.

அதால உங்கட ரீச்சர் சொல்லுறது எனக்குச் சரியாப் படேல்லை. பசிக்குது எண்டு வாற பிள்ளையை ஒண்டாம் ஆண்டு மட்டும் பொறு எண்டு சொல்லேலாது. ஆனா பசிக்குது எண்டதுக்காக அண்டாவோட ஊத்தவும் கூடாது. நான் ஊத்தினன். அதை நாளைக்கு எழுதுறன், கரண்ட் மினுங்குது.

28 ஜனவரி 2024
அண்டாக் கதை.

ஏடு தொடக்கின கிழமையே கிளிநொச்சிக்குப் போய் ஒரு பெரிய மட்டை வாங்கிக் கொண்டு வந்து, அடிமட்டம் வைச்சுக் கோடு போட்டு, 247 எழுத்தையும் மார்க்கரால எழுதினன். மனுசி, "இது பிள்ளைக்கோ, கடைக்கு விலைப்பட்டியலோ" எண்டு கேட்டவ. நான் கேக்கேல்லை. கடை பூட்டிப்போட்டு வந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஈர்க்கால தொட்டுத் தொட்டுச் சொல்லுவிச்சன். முதல் நாலு நாள் நல்லாப் போச்சு. "க கா கி கீ" கிளி மாதிரிச் சொன்னாள். எனக்குத் தலைகால் தெரியேல்லை. கடைக்கு வாற சனத்துக்கெல்லாம் சொன்னன்.

ஐஞ்சாம் நாள் நடுவில ஒரு எழுத்தைத் தொட்டு "இது?" எண்டு கேட்டன். முதலில இருந்து பாடத் தொடங்கினாள். 'தி'யைத் தொட்டா, 'க'வில இருந்து பாடிக்கொண்டு வந்து அங்க நிக்கப் பாக்கிறாள், பாட்டு வழுகினா எழுத்தும் வழுகுது. அவளுக்குத் தெரிஞ்சது பாட்டு மட்டும்தான். எனக்குக் கோவம் வந்திட்டு. ரெண்டாம் கிழமை நான் மட்டையை எடுத்தா அவளுக்கு வயித்துக்குத்து. மெய்யான குத்து எண்டு நினைச்சு ஓமத்தண்ணி குடுத்தம். மட்டையைச் சுவரில திருப்பி வைச்ச அண்டைக்குக் குத்து நிண்டிட்டு.

கேட்டுக் கேட்டு வந்த பிள்ளை பிறகு ரெண்டு மாசம் ஒரு எழுத்தும் கேக்கேல்லை.

29 ஜனவரி 2024
247 எண்டு மிரள வேண்டாம் எண்டு முன்னம் வேற ஒரு இழையில எழுதினனான். உயிர் 12, மெய் 18, அந்த 30ஐப் படிச்சா மிச்சமெல்லாம் கூட்டுத்தான் எண்டு. யாழ்ப்பாணத்து அண்ணை ஒராள் அதைத் தோண்டி எடுத்து வந்து கணக்குப் பிழை எண்டுறார். ஓம், பிழைதான். அரவு (ா), கொம்பு (ெ, ே) எல்லாம் தனியாப் பழக வேணும். உகரம் இன்னும் மோசம்: கு, சு, து, மு எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு வால். க தெரிஞ்ச பிள்ளை கு-வைத் தானாக் கண்டுபிடிக்காது.

இன்னொண்டு, அந்த 247இல 'ஸ்' இல்லை. 247ஐ மட்டும் படிச்ச பிள்ளைக்கு பஸ் ஏறேலாது.

3 பெப்ரவரி 2024
தங்கச்சி, உங்கட மகன் "ஆனா ஆவன்னா" எல்லாம் வடிவாச் சொல்லுறான், ஆனா "அம்மா" வாசிக்கிறான் இல்லை எண்டு கேட்டிருந்தீங்கள். இதில நான் மாசக்கணக்கா முட்டுப்பட்டனான்.

அவன் என்ன செய்யிறான் எண்டு பாருங்கோ. ஆனா, இம்மன்னா, மாவன்னா. இந்த மூண்டையும் சேத்துக் கூப்பிட்டா எந்தத் தாய் திரும்பிப் பாப்பா? எழுத்தின்ர பேர் வேற, சத்தம் வேற. எங்களுக்குப் பழகிப் போனதால தெரியிறதில்லை.

பேரை விட்டிட்டு "அ, இம், மா" எண்டு சொல்லிக் குடுத்துப் பாத்தன். மகள் சேத்து "அயிம்மா" எண்டாள். சிரிக்காதேங்கோ, அவள் சரியாத்தான் சேத்தவள். 'ம்' எண்ட எழுத்துக்கு முன்னால 'இ' எண்டு ஒண்டை ஒட்டினது நாங்கள். பிறகு வாயை மூடி, "ம்ம்ம்" எண்டு மாடு கூப்பிடுற மாதிரி இழுத்துக் காட்டினன். அஅஅ-ம்ம்ம்-மா. மூண்டாந்தரம் கண் விரிஞ்சுது. "அம்மா! இது அம்மா!" எண்டு குசினிக்குள்ள ஓடினாள்.

ம், ல், ன், ர், ள் எல்லாம் இழுக்கலாம். க், ட், ப் இழுக்கேலாது, வெடிச்சுப்போட்டு நிண்டிடும். அதால தொடக்கத்தில, குற்று (எழுத்துக்கு மேல வைக்கிற புள்ளி) வைச்சு இழுக்கக்கூடிய எழுத்து வாற சொல்லுகளாப் பொறுக்கினன். பல், கல், கண், மண்.

(அப்ப ஆனா ஆவன்னாவைக் கை விடுறதோ எண்டு கேக்க வேண்டாம். அதைப் பற்றிப் பிறகு.)

11 பெப்ரவரி 2024
ஒராள் கேட்டதுக்கு: அரவும் கொம்பும் இல்லாமல் வாசிக்கக்கூடிய சொல்லுகள் தமிழில எக்கச்சக்கம். அகர எழுத்தும் குற்றும் காணும். மரம், படம், பட்டம், வட்டம், வயல், கடல், நகம், பழம், அப்பம், கப்பல். எங்கட கடையில நிண்டு பொறுக்கினதில நல்லது 'சக்கரம்'. அஞ்சு எழுத்து. சைக்கிளைக் கவிட்டு வைச்சுச் சக்கரத்தைச் சுத்திவிட்டு, சோக்கால நிலத்தில எழுதிக் காட்டினன். சுத்தி நிக்கிறதுக்குள்ள வாசிக்க வேணும். முதல் நாள் 'ச'வோட சக்கரம் நிண்டிட்டு. இப்ப எனக்கு வேலை செய்ய விடுறாளில்லை, ஒவ்வொரு சக்கரத்தையும் சுத்தச் சொல்லுறாள்.

ஒட்டகப் படம் போட்ட அரிச்சுவடி வீட்டில இருக்கு. இந்த முல்லைத்தீவு றோட்டில ஒட்டகம் வந்ததை நான் காணேல்லை. எங்களுக்கு 'ஒ' எண்டா ஒட்டு. ரியூப்பில ஒட்டுற கறுப்புத் துண்டிலயே சோக்கால ஒ எழுதினன். எ எண்டா எருமை. ஊ எண்டா ஊதல். ஐ-க்கு அரிச்சுவடியில ஐந்து எண்டு போட்டு அஞ்சு விரல் கீறிக் கிடக்கு. இவள் அதை "கை" எண்டுறாள். அதில பிழை ஒண்டும் இல்லை, கையிலயும் ஐ இருக்கு.

12 பெப்ரவரி 2024
நேற்று எழுதினதில ஒரு திருத்தம். ஊதல் சரிவரேல்லை. கடைக்குள்ள நாள் முழுக்க ஊதுறாள்.

2 மார்ச் 2024
வவுனியாவுக்கு அம்மாவைக் கண் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தம், மகளும் வந்தவள். முறிகண்டியில பஸ் நிண்டுது. பிள்ளையாருக்குச் சில்லறை போட்டு, கச்சான் வாங்கினம். கச்சான் சுத்தித் தந்த சரை ஆரோ பிள்ளையின்ர பழைய கொப்பித் தாள். கச்சான் முடிஞ்சதும் எல்லாரும் சரையைக் கசக்கி எறியிறது, இவள் விரிச்சாள். நீல மையில, கோணல் கையெழுத்தில, "மழை வந்தால் வயல்" எண்டு ஒரு துண்டு. மிச்சம் கிழிஞ்சு போச்சு.

"வயல்" எண்டு வாசிச்சாள். நான் காட்டேல்லை, கேக்கேல்லை. சுவரில மட்டை திரும்பிக் கிடக்கிற இந்த மூண்டு நாலு மாசத்தில அவளாகவே எடுத்து வாசிச்ச முதல் சொல். பிறகு "மழை" எண்ட சொல்லில மாட்டிக்கொண்டு 'ழை'யைச் சுரண்டிப் பாத்தாள், கச்சான் தோல் ஒட்டியிருக்குதாக்கும் எண்டு. நான் சொல்லிக் குடுத்தன். "வந்தால் வயல் என்ன?" எண்டு கேட்டாள். மிச்சத் துண்டு ஆற்றையோ சரையில. மாங்குளம் தாண்டும் மட்டும் அதே கேள்வி.

நானும் இப்பிடித்தான் படிச்சனான். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை, கொப்பி தட்டுப்பாடு, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்குக்குக் கிட்டக் குந்தியிருந்து, சீனி சுத்தி வந்த பழைய பேப்பரை வாசிப்பம். முடிவு தெரியாத செய்திதான் எல்லாம்.

20 மார்ச் 2024
பைக்கற் வாசிக்கிறது பற்றி ஒராள் பெருமையா எழுதியிருக்கிறார், மூண்டு வயசில மகன் பால்மாப் பைக்கற்றில 'அங்கர்' வாசிக்கிறான் எண்டு. குழப்பிறதுக்கு மன்னியுங்கோ. அதே சொல்லை வெள்ளைத் தாளில கறுப்புப் பேனையால எழுதிக் காட்டிப் பாருங்கோ. என்ர மகள் பைக்கற்றில வாசிப்பாள், தாளில "தெரியாது". நிறமும் படமும்தான் அங்க பேசுது. அது வீணெண்டு சொல்லேல்லை, எழுத்துக்குப் பொருள் இருக்கு எண்டு அப்பிடித்தான் விளங்குது. ஆனா அதை வாசிப்பு எண்டு எண்ணக் கூடாது.

இதில எனக்கு மறக்கேலாத ஒண்டு இருக்கு. 2010இல நாங்கள் முகாமால திரும்பி வந்து குடியேறின நேரம். அக்காவின்ர மூத்தவனுக்கு அஞ்சு வயசு. ஒழுங்கைக்குக் குறுக்க கயிறு கட்டி, சிவப்புப் பலகையில மண்டையோடு போட்டு எழுதியிருக்கும். அவன் முதல் வாசிச்ச சொல் 'மிதிவெடி'. நாங்கள்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக் குடுத்தனாங்கள், வேற வழியில்லை. கொஞ்ச நாளையால கிளிநொச்சியில ஒரு கடை வாசலில சிவப்பு விளம்பரப் பலகை. அவன் அதுக்கு முன்னால நிண்டிட்டான். "மிதிவெடி" எண்டு சொல்லிக்கொண்டு அடி எடுத்து வைக்கேல்லை. அதில எழுதியிருந்தது ஏதோ சவுக்காரத்தின்ர பேர். அக்கா தூக்கிக்கொண்டுதான் உள்ளுக்குப் போனவ.

7 ஏப்ரல் 2024
இண்டைக்குச் சிரிக்கிற கதை. கடைக்கு முன்னால நானே எழுதின பலகை இருக்கு: "இங்கு ரயர், ரியூப் விற்கப்படும்." மகள் பலகைக்குக் கீழ கதிரை போட்டு ஏறி நிண்டு, கடைக்கு வந்த ஆக்களுக்கு முன்னால, "ர... ய... ர்... ரயர்" எண்டு வாசிச்சாள். மரத்துக்கு வாற 'ர', அதே சத்தம். "அப்பா, ரயர் எண்டா என்ன?"

நான் கையில ரயரை வைச்சுக்கொண்டு நிக்கிறன்.

எங்கட ஆக்கள் இங்கிலீசுச் சொல்லின்ர முதலில வாற 'T' சத்தத்துக்கு 'ர' போட்டு எழுதிப் பழகிட்டம். ரீச்சர், ரிவி, ரொபி, ரயர். எழுதுறது ஒண்டு, வாயில வாறது ஒண்டு. இந்தியாக்காரர் 'ட' போடுவினம். எது சரியெண்ட சண்டையை இங்க தொடங்க வேண்டாம். நாலு வயசுப் பிள்ளைக்கு நான் சொன்னது, "இது வெளிநாட்டுச் சொல்லு, வேசம் போட்டிருக்கு" எண்டு. அதுக்குப் பிறகு விளங்காத சொல்லெல்லாம் அவளுக்கு வேசம் போட்ட சொல்லு. வாழைக்குலை எண்டதையும் வேசம் எண்டாள்.

அதே பலகையில 'விற்கப்படும்' எண்டது பெரிய மனுசருக்கே பல்லை உடைக்கும். "ரயர் இருக்கு" எண்டு எழுதியிருக்கலாம். கடைக்கு வாறவன் என்ன இலக்கணமோ பாக்கிறான்.

26 மே 2024
வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வந்த களைப்பு. சனத்துக்குள்ள பிள்ளையைத் தோளில வைச்சுக்கொண்டு நடந்தன். மேல இருந்து கடைப் பலகையெல்லாம் வாசிச்சுக்கொண்டு வந்தாள், என்ர தலைமயிரைக் கடிவாளம் மாதிரிப் பிடிச்சு. "வளையல்" எண்ட சொல்லில கன நேரம் நிக்க வேண்டிப் போச்சு. அது வாசிப்பு ஆர்வம் எண்டு நான் நினைச்சன். மனுசி, அது வளையல் ஆர்வம் எண்டவ. வாங்கிக் குடுத்தம்.

27 மே 2024
தங்கச்சி கேட்டது: கதைப் புத்தகத்தில "நாய் ஓடுகிறது" எண்டிருக்க மகன் "நாய் ஓடுது" எண்டு வாசிக்கிறான், திருத்திறதோ?

நான் திருத்தினன். நாலுதரம் திருத்தினன். "ஓடுகிறது, ஓ-டு-கி-ற-து." அவள் புத்தகத்தை மூடிப்போட்டு, "இந்த நாய் சரியில்லை" எண்டு எழும்பிப் போட்டாள்.

பிறகு யோசிச்சன். அவளுக்கு 'ஓடு' மட்டும் தெரிஞ்சு, படத்தைப் பாத்து, மிச்சத்தைத் தன்ர வாயால முடிச்சிருக்கிறாள். நாங்களும் பேப்பரை அரைக்கண்ணால பாத்து அப்பிடித்தானே முடிக்கிறம்? ஆனா எழுத்தை விட்டிட்டுப் படத்தை வாசிக்கிற பழக்கமும் கூடாது. இப்ப செய்யிறது: அவள் "ஓடுது" எண்டா நான் "ஓம், ஓடுது" எண்டு சொல்லிப்போட்டு, அடுத்த பக்கத்தை நானே வாசிக்கேக்க "பூனை ஓடுகிறது" எண்டு விரலை வைச்சு வாசிப்பன். திருத்தேல்லை, காதில போட்டு விடுறன். ஒரு நாள் விளையாட்டில பொம்மைக்குச் சொல்லுறாள், "நான் சாப்பிடுகிறேன், நீ அழாதே." புத்தகப் பாசை வேற எண்டு பிடிச்சிட்டாள். எங்கட வீட்டில ஆரும் 'சாப்பிடுகிறேன்' எண்டு கதைச்சதில்லை.

போனில ஸ்டோரிவீவர் எண்டு ஒரு இடம் இருக்கு, இந்தியாவில பிரதம் புக்ஸ் எண்ட ஆக்கள் நடத்திறது. தமிழ்ப் படக்கதையள் படி பிரிச்சு இலவசமாக் கிடக்கு, முதல் படியில பக்கத்துக்குக் கொஞ்ச வரிதான். ஒரு சிக்கல், அதில 'பாட்டி' வருவா. மகள், "பாட்டி ஆர்?" எண்டு கேட்டாள். "அப்பம்மா மாதிரி" எண்டன். இப்ப அப்பம்மா எண்டே மாத்தி வாசிக்கிறாள், எழுத்தில 'பா' இருக்கு, வாயில 'அ' வருகுது. இதைத் திருத்திறதோ விடுறதோ எண்டு எனக்கே இன்னும் முடிவில்லை.

30 ஜூன் 2024
ஆனா ஆவன்னாவைப் பற்றிப் பிறகு எழுதுறன் எண்டனான். பெப்ரவரியில நான் கொஞ்சம் கூடத்தான் எழுதிப்போட்டன். எழுத்துக்கு ஒரு பேர் வேணும். "அந்த வளைஞ்சது, அந்த வால் வைச்சது" எண்டு எத்தினை நாளைக்குக் கதைக்கிறது? இப்ப ரெண்டும் இருக்கு. ஆளுக்குப் பேர் மாதிரி எழுத்துக்குப் பேர், கூப்பிடேக்க மட்டும். வாசிக்கேக்க சத்தம். அவளுக்கு நான் சொன்னது, "மாட்டுக்குப் பேர் லட்சுமி, ஆனா மாடு 'லட்சுமி' எண்டோ கத்திறது?" விளங்கிச்சுது.

கொம்புச் சிக்கலும் இருக்கு. கெ, கே, கை, கொ, கோ எல்லாத்திலயும் கொம்பு முன்னால நிக்கும், சத்தம் பின்னால வரும். "கொடி" எண்டதை அவள் "கெரடி" எண்டு வாசிச்சாள். முன்னால ஒரு கெ, பின்னால நிக்கிற அரவை 'ர' எண்டு நினைச்சிட்டாள். பாருங்கோ, ரெண்டும் ஒரே அச்சுத்தானே. "கொம்பைக் கண்டா வாயைத் திறக்காதை, பின்னால ஆர் வருகினம் எண்டு பாத்திட்டுத் திற" எண்டு சொல்லிக் குடுத்தன். கொம்பு வைச்ச மாடு முட்டுமாம், அதால பொறுத்து நிக்க வேணுமாம். அது அவளின்ர விளக்கம்.

ஒற்றைக் கொம்பும் சுழிச்ச கொம்பும் மாறுது எண்டு அழுகிற அம்மாமாருக்கு ஒரு ஆறுதல். எ-க்கும் ஏ-க்கும் வேற வேற கொம்பு எண்டு பிரிச்சுவிட்டது வீரமாமுனிவர் எண்டுதான் சொல்லுறது, அவர் 1747இல செத்தவர். அதுக்கு முதல் ஏட்டில எழுதின பண்டிதர் எல்லாருக்கும் ஒரே கொம்புதான். குற்றும் கனக்க வைக்கமாட்டினம், எழுத்தாணி குத்தினா ஓலை கிழியும். இடம் பாத்து வாசிச்சிருக்கினம். பண்டிதர் சமாளிச்சதை நாலு வயசு கொஞ்ச நாளையால சமாளிக்கும்.

எங்கட அம்மா கடைக் கணக்குக் கொப்பியில 'விலை' எழுதுறது தும்பிக்கை வைச்ச பழைய 'லை'. தமிழ்நாட்டில 1978இல அதையெல்லாம் மாத்தினவை, பிறகு எங்கட பாடப் புத்தகத்துக்கும் வந்திட்டு. அம்மா மாத்தேல்லை. மகள் கொப்பியைப் பாத்து, "அப்பம்மாக்கு எழுதத் தெரியாது" எண்டாள். அம்மாவுக்குக் கோவம். பிறகு ரெண்டு பேரும் முத்தத்து மணலில குந்தியிருந்து பழைய லை, புது லை எண்டு எழுதி விளையாடினவை. மகளுக்குத் தும்பிக்கை லைதான் பிடிச்சுப் போச்சு. இனி ஒண்டாம் ஆண்டு ரீச்சர் என்னைப் பேசப் போறா.

14 ஜூலை 2024
பாலைப்பழக் காலம். வாய் முழுக்கப் பால் ஒட்டிக்கொண்டு நிண்டு, கடதாசியில "பாலபளம்" எண்டு எழுதி, பழப் பெட்டியில ஒட்டியிருக்கிறாள். ஐகாரமும் இல்லை, ழகரமும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "ழ சொல்லிக் குடுக்கேல்லையோ?" எண்டு கேட்டவ. அக்கா கதைக்கேக்க 'பளம்' எண்டுதான் கதைக்கிறவ. நானும்தான். காதில விழுந்ததைப் பிள்ளை எழுதியிருக்கு, அதைவிட நேர்மையா எப்பிடி எழுதுறது? ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும் எண்டு விட்டிட்டன். ஒரு நேசறியில ஒரு பக்கம் முழுக்க 'ழ' எழுதிக்கொண்டு வரச் சொல்லி விட்டதா ஒரு தாய் சொன்னவ. பிள்ளையின்ர பெருவிரல் வீங்கிப் போச்சாம்.

அவசரப்படுற ஆக்களுக்கு: கன்னடமும் எங்கட மாதிரித்தான் உயிரும் மெய்யும் கூட்டி எழுதுற எழுத்து. அதைப் படிக்கிற பிள்ளையளை வைச்சு சொனாலி நாக் எண்டவ 2007இல எழுதின ஆய்வில, எழுத்து முழுக்கப் பிடிபட நாலாம் வகுப்பு மட்டும் இழுபடுது எண்டு இருக்கு. இங்கிலீசு மாதிரி 26ஓட முடியிற அலுவல் இல்லை இது. பின்லாந்தில ஏழு வயசிலதான் பள்ளிக்கூடமே தொடங்கிறது. நாங்கள் நாலு வயசில ழ-வுக்கு விரல் வீங்க வைக்கிறம்.

18 ஆகஸ்ட் 2024
கொஞ்ச நாள் எழுதேல்லை. வெக்கை, கிணறு வத்திப் போச்சு, தண்ணிப் பவுசருக்குக் காத்து நிக்கிறதிலயே நாள் போகுது.

ஒண்டு மட்டும் எழுத வேணும், எழுத வெக்கமாத்தான் இருக்கு. மகள் ஒரு நாள் கேட்டாள், "அப்பா, உங்களுக்கு வாசிக்கத் தெரியுமோ?" எனக்குச் சுருக்கெண்டுது. "ஏன் அப்பிடிக் கேக்கிறாய்?" "நீங்கள் வாசிக்கிறேல்லையே." யோசிச்சுப் பாத்தா மெய்தான். நான் வாசிக்கிறதெல்லாம் போனில. அவளுக்கு அது வாசிப்பாத் தெரியேல்லை, போன் நோண்டுறதாத்தான் தெரியும். இந்த இழைக்கு எழுதிறதும் அப்பிடித்தான். பிள்ளைக்கு வாசிக்கப் பழக்கிறது எப்பிடி எண்டு போனில எழுதிக்கொண்டு, "கொஞ்சம் பொறு அம்மா, அப்பா வேலையா இருக்கிறன்" எண்டு அவளைத் தள்ளி விட்டிருக்கிறன்.

இப்ப ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் வாங்கிறன். கடை வாங்கில இருந்து சத்தமா வாசிக்கிறன். அவளுக்கு அரைவாசியும் விளங்காது. மரண அறிவித்தல்தான் விருப்பம், ஏனெண்டா படமும் பேரும் ஊரும் இருக்கு. "பரந்தன்" கண்டுபிடிச்சாள். "மாங்குளம்" கண்டுபிடிச்சாள். மனுசி, பிள்ளைக்கு இதோ படிப்பிக்கிறது எண்டு கத்தினவ.

13 ஒக்டோபர் 2024
ஒரு வருசம் போட்டுது. இந்த முறை தம்பிக்காரனுக்கு ஏடு தொடக்கினம், மூண்டு வயசு முடியேல்லை, அப்பம்மா கேக்கேல்லை. அவன் அரிசியைத் தின்னத் தொடங்கினான்.

யாழ்ப்பாணம் போய் வரேக்க பஸ் யன்னலால 'ஆனையிறவு' பலகையைக் கண்டிட்டாள். "ஆனை" மட்டும் வாசிச்சுப்போட்டு, "எங்க, எங்க?" எண்டு கத்தினதில பஸ்சில நித்திரை கொண்ட சனமெல்லாம் எழும்பி வெளிய பாத்தது. வன்னிச் சனத்துக்கு ஆனை எண்டா பகிடியில்லை. ஒரு ஐயா, "எந்தப் பக்கம் பிள்ளை?" எண்டு கேட்டார். உப்பளந்தான் தெரிஞ்சுது.

கடைப் பலகை வெயிலில உரிஞ்சு போச்சு, புதுசா எழுதுவிச்சன். இந்த முறை "ரயர் ரியூப் இருக்கு" எண்டு மட்டும். பெயின்றர் தம்பி ஏணியில நிக்கிறார், இவள் கீழ கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறாள். "அண்ணா, அதில குற்று இல்லை." அவர் கேக்கேல்லை. "அண்ணா, ரியூப எண்டு கிடக்கு." 'ப்' இல குற்று விட்டுப் போச்சு. அவர் இறங்கி வந்து தூரத்தில நிண்டு பாத்துப்போட்டு, ஏணியை அவளிட்ட காட்டி, "நீங்களே ஏறி வையுங்கோ ரீச்சர்" எண்டார். நான் தூக்கிப் பிடிக்க அவள்தான் வைச்சவள். குற்று கொஞ்சம் பெரிசு. றோட்டில போற ஆக்களுக்கு அது குற்றோ, பெயின்ற் கொட்டினதோ எண்டு தெரியாது.

24 நவம்பர் 2024
தங்கச்சி, உங்கட மகன் ஒரு மாசமா எழுத்தைத் திரும்பியும் பாக்கிறானில்லை, லொறிதான் எல்லாம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். விடுங்கோ. என்ரவளும் ரெண்டு மாசம் பாக்கேல்லை. லொறிக்குப் பின்னால எழுத்து இருக்குத்தானே, நம்பர் பிளேட்டும் இருக்கு. அவனாக் கேட்டாச் சொல்லுங்கோ.

மகளுக்கு இந்த மாசம் அஞ்சு வயசு. வாசிக்கிறாளோ எண்டு கேட்டா, அரைகுறை. மூண்டெழுத்து, நாலெழுத்துச் சொல்லு ஓடும். கொம்பில இன்னும் நிப்பாள். 'வௌவால்' எண்டதை "வெளவால்" எண்டுதான் வாசிக்கிறாள். நானும் அஞ்சாம் ஆண்டு மட்டும் அப்பிடித்தான் வாசிச்சனான், அதால சத்தம் போடேல்லை. சுவரில திருப்பி வைச்ச மட்டையைப் போன கிழமை தானே திருப்பி, தம்பிக்காரனை முன்னால இருத்தி, ஈர்க்கு எடுத்துக்கொண்டு நிக்கிறாள். "இது என்ன? சொல்லு. முதலில இருந்து பாடாதை." அவன் ஈர்க்கைப் பறிச்சுக்கொண்டு ஓடிட்டான்.

மழை தொடங்கிட்டு. ஒராள் பஞ்சரான சைக்கிளை உருட்டிக்கொண்டு நனைஞ்சு வந்து நிக்கிறார், பிறகு எழுதுறன்.